தண்ணிப் பென்சில்

வீரபாகு ஏலத்தில் எடுத்த பெட்டியைக் கைவண்டியிலிருந்து இறக்கியபோது அதன் மூலையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கடை வாசலில் நீலமாக ஒரு கோடு விழுந்தது. உள்ளே இருந்து எட்டிப் பார்த்த செல்லக்கனிக்கு, புருஷன் மைப்புட்டிகளைத்தான் உடைத்துக் கொண்டுவந்துவிட்டாரோ என்று தோன்றியது.

"பென்சிலு," என்றார் வீரபாகு. சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

தூத்துக்குடி கிரேட் காட்டன் ரோட்டை ஒட்டிய சந்தில் அவருடைய கடை. நோட்டு, சிலேட்டு, மைத்தூள், பேனாக் கட்டை விற்பார். கடைக்குப் பின்னால் வீடு. யுத்தம் முடிந்து வருஷம் ஒன்று ஆகப்போகிறது. ஆனாலும் கப்பலில் சரக்கு வந்தபாடில்லை. நல்ல பென்சில் என்று ஒன்றைக் கண்ணால் பார்த்தே ரொம்ப நாளாகிவிட்டது. காயல்பட்டினம் மூஸா நெய்னா மரைக்காயர் கொழும்பிலிருந்து தோணியில் இந்தப் பெட்டியை வரவழைத்திருந்தார். வருகிற வழியில் கடல் கொந்தளித்துத் தோணிக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. கொப்பரை மூட்டைகளோடு பென்சில் பெட்டியும் இரவெல்லாம் உப்புத் தண்ணீரில் கிடந்தது. மரைக்காயர் பெட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சரக்கு வைக்கும் கிட்டங்கி வாசலிலேயே ஏலம் போடச் சொல்லிவிட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. வீரபாகுவின் கை மட்டும் தானாக மேலே போனது.

"ஏன் எடுத்திய?"

"எனக்கே தெரியலளா. பென்சில்னு சொன்னான். கை தூக்கிட்டேன்."

பலகையை நெம்பித் திறந்தார்கள். அட்டைப்பெட்டிகள் கூழாகிப் போயிருந்தன. சாயம் கரைந்து பென்சில்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. எடுத்தால் விரலெல்லாம் நீலம். சிலது நீளவாட்டில் வாய் பிளந்து, நடுவில் இருந்த ஈயம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வீரபாகு அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

செல்லக்கனி வாய் பிளக்காத ஒன்றைத் தேடி எடுத்தாள். முந்தானையில் துடைத்துவிட்டு அரிவாள்மணையில் மெல்லச் சீவினாள். மரம் சிலும்பாமல், வாழைக்காய்த் தோல் மாதிரி ஒரே சுருளாக வந்தது. அதை மூக்கருகே கொண்டுபோனாள். உப்பு வாடைக்கு அடியில் தேவதாரு மணம் இருந்தது.

அவள் சாயர்புரம் பக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்து, சர்க்கார் டிராயிங் பரீட்சையும் எழுதித் தேறியவள். வாக்கப்பட்டு வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. கடையில் பொட்டலம் மடிக்கும் தாளின் பின்பக்கத்தில் தராசு, தோணிப் பாய்மரம், மத்தியானத்தில் வாய் திறந்து தூங்கும் வீரபாகு என்று எதையாவது வரைந்துகொண்டே இருப்பாள். யுத்தத்தில் பென்சில் வரத்து நின்றபோது கடைசியாகக் கையிலிருந்த துண்டு, நகத்தளவு ஆகும்வரை அதை ஒரு ஓலைக் குழாயில் சொருகி எழுதினாள். அதுவும் தீர்ந்த பிறகு வந்த மட்டப் பென்சில்கள் தாளைக் கீறினவே தவிர, கறுக்கவில்லை.

இப்போது கையில் இருந்ததைத் தாளில் வைத்து இழுத்தாள். கோடு தடங்கலே இல்லாமல் ஓடியது. அழுத்தினால் கறுத்தது, தளர்த்தினால் சாம்பலானது. மூன்று வருஷமாக அவள் விரல்கள் மறந்திருந்த சுகம் அது.

"இது நல்ல பென்சிலு," என்றாள். "நீங்க ஒண்ணும் தப்பா வாங்கிட்டு வரல."

"பொளந்து கெடக்கேளா."

"பொளந்தது பொளந்தது. பொளக்காதது கடலுக்கே அசையல. அதை நாம பிரிச்சு எடுத்துக்கிடுவோம்."

முதல் வேலையாக உப்பைக் கழுவ வேண்டும். அவள் குடிதண்ணீரை அண்டாவில் நிரப்பிப் பென்சில்களை அதில் போட்டபோது தெருவே வேடிக்கை பார்த்தது. அந்த ஊரில் நல்ல தண்ணீரின் அருமை எல்லாருக்கும் தெரியும். ஒரு குடம் பிடிக்கக் குழாயடியில் சண்டை நடக்கும். பக்கத்து வீட்டுப் பேச்சி நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஏளா, குடிக்க இல்லாத தண்ணிய குச்சிக்கு ஊத்துதியே, ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா?"

"நாளைக்கு எங்க வீட்டுல சமையல் இல்லக்கா. அந்தத் தண்ணிதான் இது," என்றாள் செல்லக்கனி. மறுநாள் உண்மையிலேயே கடையிலிருந்து இட்லி வாங்கித்தான் சாப்பிட்டார்கள்.

கழுவியதை வீரபாகு மொட்டைமாடி வெயிலில் பரப்பப் போனார். அவள் தடுத்தாள். வெயில் பட்டால் மரம் முறுக்கிக்கொள்ளும், நிழலில் கடல்காற்றுப் பட்டே காய வேண்டும் என்றாள். அவருக்குப் பொறுமை இல்லை. அவளுக்குத் தெரியாமல் ஒரு கைப்பிடியை மாடியில் போட்டார். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் அத்தனையும் முருங்கைக்காய் மாதிரி வளைந்திருந்தன. கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு பென்சில் காரியத்தில் அவள் சொன்னதுதான் சட்டம்.

செய்தி கடைத்தெருவில் பரவியது. முக்கில் இருந்த பெரிய கடைக்காரர் ராஜதுரை அண்ணாச்சி, போகிற வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "நம்ம வீரபாகு தண்ணிப் பென்சில் விக்கப் போறான்டே. எழுதுனா மீன் வாடை அடிக்கும்." அன்றிலிருந்து வீரபாகுவுக்குத் 'தண்ணிப் பென்சில்' என்றே பெயர் ஆகிவிட்டது. டீக்கடையில்கூட, "தண்ணிப் பென்சிலுக்கு ஒரு டீ" என்றார்கள். அவர் டீக்கடைக்குப் போவதையே நிறுத்தினார்.

பென்சில்கள் காய்ந்ததும் இன்னொரு சங்கடம் தெரிந்தது. சாயம் போனதோடு, அதன்மேல் அச்சடித்திருந்த எழுத்தும் போய்விட்டது. எது கடினம், எது மென்மை, எது எழுத, எது படம் போட என்று சொல்ல ஓர் அடையாளமும் மிச்சமில்லை. எல்லாம் ஒரே மாதிரி வெறும் மரக் குச்சிகள்.

"இனி எப்படிளா வித்தியாசம் தெரியும்?" என்றார் வீரபாகு.

"எழுதிப் பாத்தா தெரியும்."

"இத்தனையையுமா?"

"இத்தனையையும்தான்."

பின்கட்டில் பாய் விரித்து உட்கார்ந்தாள். முதலில் ஒவ்வொரு பென்சிலின் நுனியையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஈயம் நட்டநடுவில் இருக்க வேண்டும். ஓரம் ஒதுங்கி இருந்தால் சீவும்போது ஒரு பக்கம் மரமே தாளில் உரசும், அதை ஒதுக்கினாள். பிறகு மரத்தின் ரேகை பார்த்தாள். நேராக ஓடினால் சீவலாம், குறுக்கே ஓடினால் பிளேடு இழுத்துக்கொண்டு போகும். இரண்டு பாதியும் சேரும் இடத்தில் நகத்தை வைத்து இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை ஓட்டினாள். நகம் மாட்டினால் பசை விட்டிருக்கிறது என்று அர்த்தம். அடுத்து சிமெண்டுத் தரையில் ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டுச் சத்தம் கேட்டாள். உள்ளே ஈயம் முழுசாக இருந்தால் கணீரென்று ஒலிக்கும்; உடைந்திருந்தால் செத்த சத்தம். வீரபாகு ஆரம்பத்தில் வெறும் 'டக்' என்றுதான் எல்லாவற்றையும் கேட்டார். சில நாட்களில் அவர் காதும் பழகிவிட்டது. கடையில் கணக்கு எழுதிக்கொண்டே, உள்ளே விழும் சத்தத்தைக் கேட்டு, "அது சொத்தை" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார்.

இவ்வளவுக்கும் தப்பியதைச் சீவி, தாளில் மூன்று கோடு போட்டாள். அழுத்தி ஒன்று, லேசாக ஒன்று, வளைத்து ஒன்று. ரப்பரால் அழித்துப் பார்த்தாள். விரலால் தேய்த்துப் பார்த்தாள். மெல்லிசாக, நரைத்த கோடாக விழுந்து, தேய்த்தாலும் கலையாததற்கு அடியில் பிளேடால் ஒரு கீறல் போட்டாள். எழுதுவதற்கு வாட்டமாகக் கறுப்பும் கடினமும் சமமாக இருந்ததற்கு இரண்டு கீறல். வெண்ணெய் மாதிரி வழுக்கி, நிழல் போட்டால் மை போல இறங்குவதற்கு மூன்று கீறல். மூன்று கீறல் பென்சில் கிடைக்கும்போதெல்லாம் அதைச் சோதிக்கிற சாக்கில் ஏதாவது ஒரு படம் போட்டுவிடுவாள். அப்படியே வாசல் நாய், பேச்சியின் மூக்குத்தி, மூஸா நெய்னாவின் தாடி எல்லாம் பொட்டலத் தாள்களில் நிறைந்தன.

தேறியதைவிடத் தேறாதது அதிகம். அந்தக் குவியலைப் பார்த்து வீரபாகுவுக்கு மனசு ஆறவில்லை.

"இதையும் வித்துருவோம்ளா. மட்டமான பென்சில்னு சொல்லியே விப்போம். குடுக்கத காசக் குடுக்கட்டும்."

"மட்டம்னு சொல்லி நீங்க விப்பிய. வாங்குனவன் நாலு பேருகிட்ட அதைச் சொல்ல மாட்டான். தண்ணிப் பென்சில் ஒடைஞ்சு போச்சுன்னுதான் சொல்லுவான். அதோட நல்லதும் சேந்து சாகும்."

"காசு போட்டு எடுத்தது..."

செல்லக்கனி கழிசல் அத்தனையையும் முறத்தில் அள்ளிக்கொண்டு போய் அடுப்பில் வைத்தாள். அன்றைக்குச் சோறு பொங்கியது அந்த நெருப்பில்தான். வீடு முழுக்கத் தேவதாரு வாசம். வீரபாகு சோற்றைப் பிசைந்து ஒரு வாய் உண்டார். பிறகு, "சோறு நல்லா மணக்கு" என்றார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

கடையில் வைத்தார்கள். சாயமில்லாத மொட்டைக் குச்சிகளை யாரும் சீண்டவில்லை. பெண்கள் பள்ளிக்கூடத்து டிராயிங் டீச்சர் மெட்டில்டா மட்டும் ஒன்றை எடுத்து எழுதிப் பார்த்து, புருவத்தை உயர்த்தி, மூன்று கீறலில் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போனாள். அந்த வாரமே ராஜதுரை கடைக்குப் பம்பாயிலிருந்து புதுச் சரக்கு வந்து இறங்கியது. மஞ்சள் பளபளக்க, தங்க எழுத்து மின்ன, முனையில் சிவப்புத் தொப்பி வைத்த பென்சில்கள். சனம் அங்கே மொய்த்தது. வீரபாகு கடை வாசலில் ஈ ஓட்டிக்கொண்டு அதைப் பார்த்தபடி இருந்தார். செல்லக்கனிக்கும் தூக்கம் கெட்டது. பென்சில் நல்லது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை எழுதிப் பார்க்கக்கூட ஒருத்தரும் கையில் எடுக்காவிட்டால் அவள்தான் என்ன செய்வாள்?

அப்போதுதான் முத்துப் பார் சர்வே கூட்டம் ஊருக்கு வந்தது. கரையிலிருந்து தள்ளி, கடலடியில் முத்துச் சிப்பி விளைகிற பாறைத் திட்டுகளைப் பார் என்பார்கள். எந்தப் பாரில் சிப்பி இருக்கிறது, அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று படகில் போய் ஆழம் பார்த்து, மூழ்காளிகளை இறக்கி, வரைபடம் போடுவதுதான் அவர்கள் வேலை. படம் போட வந்தவர் சிவசுப்பிரமணியன். ஒல்லியான, கண்ணாடி போட்ட மனிதர். மதராசிலிருந்து வந்த அவருடைய பெட்டி ரயிலில் எங்கேயோ தங்கிவிட்டதால், கடலுக்குப் போகும் முன் ராஜதுரை கடையில் மஞ்சள் பென்சில்களை ஒரு கட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்துவிட்டார். சட்டையில் உப்புப் பூத்திருந்தது. நேரே ராஜதுரையின் கடைக்குப் போய்ப் பென்சில்களைப் பலகைமேல் கொட்டினார். எல்லாம் வாய் பிளந்து கிடந்தன. ஒன்றில் ஈயமே நழுவிக் கடலில் விழுந்திருந்தது.

"கடல்ல மை ஓடிப்போகும்னுதான் பென்சில்ல போடுதோம். ஈரக்காத்துக்கே இது பிரிஞ்சு போனா நான் எதை வச்சுப் படம் போட? ஒரு நாள் வேலை வீணாப் போச்சு, அண்ணாச்சி."

கூடியிருந்தவர்கள் முன்னால் ராஜதுரைக்கு முகம் சுருங்கிவிட்டது. அதை மறைக்கச் சிரித்துக்கொண்டே சொன்னார். "கடலுக்குன்னே ஒரு பென்சில் வேணும்னா நம்ம வீரபாகு கடைக்குப் போங்க சார். கடல்லயே ஊறுனது. மீனுக்கே அதுலதான் பாடம் நடத்துதாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். சிவசுப்பிரமணியன் சிரிக்கவில்லை. "எந்தக் கடை?" என்றார்.

அவர் வந்து நின்றதும் வீரபாகு முக்காலியிலிருந்து எழுந்தார். பின்னால் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். "செல்லக்கனி," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "இங்கன வா. நீ வந்து பேசு."

அவள் ஒருநாளும் கடையில் ஆள் இருக்கும்போது முன்னால் வந்ததில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"கடல் தண்ணியில ஊறுனதுன்னாங்க. நெசமாம்மா?"

"ஒரு ராத்திரி முழுக்க ஊறுச்சு சார். தாங்காததெல்லாம் பொளந்து போச்சு. தாங்குனத மட்டும்தான் வச்சிருக்கேன்."

அவர் ஒன்றை எடுத்து நகத்தை ஓட்டினார். நுனியைத் திருப்பிப் பார்த்தார். அவர் பார்க்கிற முறையிலேயே, இவர் பென்சில் தெரிந்தவர் என்று செல்லக்கனிக்குப் புரிந்துவிட்டது. அத்தனை நாள் நெஞ்சில் இருந்த பயம் அந்த நொடியில் விட்டது.

"இதுல எழுத்து ஒண்ணுமே இல்லையே. எது எந்த ரகம்னு எப்படித் தெரியும்?"

"நீங்க என்ன போடணும்னு சொல்லுங்க. நான் எடுத்துத் தாரேன்."

"ஆழத்துக்கு நம்பர் போடணும். பொடிசு பொடிசா. கை பட்டாலும் அழியக் கூடாது."

ஒரு கீறலை எடுத்து நீட்டினாள். "முனை ஊசியா நிக்கும். ஆனா அழுத்தாதிய, ஈரத்தாளக் கிழிச்சிரும்."

"கரையும் பாரும் கோடு இழுக்கணும்."

"ரெண்டு கீறல்."

"பாருக்குள்ள சிப்பி அடர்த்தியா கெடக்குத எடம், கம்மியா கெடக்குத எடம். நெழல் போட்டுக் காட்டுவோம்."

"அதுக்கு மூணு கீறல் சார். ஆனா கடல்ல வச்சு நெழல் போடாதிய. படகு ஆடுத ஆட்டத்துல கை தேச்சு மொத்தமும் கறுப்பாயிரும். அங்கன ரெண்டு கீறல்ல எல்லை மட்டும் போட்டுக்கிட்டு, கரைக்கு வந்து நெழல் போடுங்க."

சிவசுப்பிரமணியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கட்டிலிருந்து ஐந்து பென்சில்களை உருவி, கீறல்களை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, முனை மட்டும் தெரிய நீட்டினார். "அடையாளத்தப் பாக்காம சொல்ல முடியுமாம்மா?"

வேடிக்கை பார்த்தவர்கள் நெருங்கி வந்தார்கள். வீரபாகு தாளை எடுத்துப் போட்டார். சிவசுப்பிரமணியன் நீட்ட நீட்ட, அந்த முனையில் தாளை வைத்து மெல்ல இழுத்தாள். "ரெண்டு. மூணு. ரெண்டு. ஒண்ணு." ஐந்தாவதில் நிறுத்தினாள். மறுபடி இழுத்துப் பார்த்தாள்.

"இது மூணுன்னு கீறியிருப்பேன். ஆனா மூணு இல்ல. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல இருக்கு. அன்னைக்கு அவசரத்துல பாத்திருக்கேன். அதை ஒதுக்கி வச்சிருங்க சார், நான் வேற தாரேன்."

அவர் கையைத் திறந்தார். எல்லாம் அவள் சொன்னபடியே இருந்தன. ஐந்தாவதில் மூன்று கீறல்.

"இதைத்தான் முதல்ல எடுத்துக்கிடுவேன்," என்றார் அவர். "தப்பையும் சேத்துச் சொல்லுத கடையில வாங்குனா நிம்மதியா கடலுக்குப் போலாம்."

சிரிக்க வந்தவர்களில் ஒருவர் அங்கேயே ஒரு பென்சில் கேட்டார். அடுத்தவரும் கேட்டார். அன்று கடை சாத்த நேரமாகிவிட்டது.

சர்வே கூட்டம் கடலோடு கிடந்த நாட்களில் செல்லக்கனி தினமும் காற்றைப் பார்த்தாள். கொண்டல் பலமாக அடித்தால், "இந்நேரம் அந்த ரெண்டு கீறல் என்ன ஆச்சோ" என்பாள். "அது கடலப் பாத்த பென்சிலுளா," என்பார் வீரபாகு. தைரியம் சொல்வது இப்போது அவர் முறை.

பிறகு ஒரு காலையில் சிவசுப்பிரமணியன் கையில் நீளமான தகரக் குழாயோடு வந்தார். கடைப் பலகையை ஒதுக்கச் சொல்லி, உள்ளே சுருட்டி வைத்திருந்த தாளை எடுத்து விரித்தார். காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் எடைக்கல் வைத்தார்கள்.

மணப்பாட்டிலிருந்து வைப்பாற்று முகம் வரை கரை முழுக்க ஒரே ஓட்டமாகப் போயிருந்தது, எங்கேயும் பிசிறு இல்லாமல். கடலுக்குள் கடுகு விதைத்த மாதிரி ஆழத்து எண்கள். பார்கள் ஒவ்வொன்றும் அதனதன் வடிவத்தில், சிப்பி அடர்ந்த இடம் கருத்தும், ஓரம் போகப்போக வெளுத்தும், தண்ணீருக்கு அடியில் நிஜமாகவே கிடப்பதுபோல் இருந்தன. கூட வந்திருந்த மூழ்காளி ஒருவர் விரலைத் தாளில் படாமல் நீட்டி, "இந்தா, இங்கனதான் நான் எறங்குனேன். இந்த மூலை இப்படித்தான் வளைஞ்சு கெடக்கும்," என்றார். தெருவில் போனவர்கள் நின்றார்கள். மெட்டில்டா டீச்சர் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து காட்டினாள். சந்து அடைத்துக்கொண்டு கைவண்டிகள் திரும்ப முடியாமல் நின்றன.

"ஒரு பென்சில்கூட என்னைக் கைவிடல," என்றார் சிவசுப்பிரமணியன் எல்லாருக்கும் கேட்கும்படி. "ஒரு தடவ அலை அடிச்சு டப்பாவோட தண்ணியில விழுந்துச்சு. தொடச்சுட்டு எழுதுனேன். மதராஸ்ல இருந்து என் பெட்டி வந்துட்டுது. ஆனா அடுத்த வருஷத்துக்கும் பென்சில் இந்த அம்மா பொறுக்கித் தாரதுதான் வேணும்னு மேல எழுதிட்டேன்."

செல்லக்கனி படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடலை அவள் கரையில் நின்றுதான் பார்த்திருக்கிறாள். அதன் அடி இப்போது அவள் முன்னால், அவள் கையால் தேறிய பென்சிலின் கோட்டில் விரிந்து கிடந்தது. சிரிப்பும் கண்ணீருமாக ஒன்று பொங்கி வந்தது. கூட்டத்துக்கு முன்னால் வேண்டாம் என்று அடக்கினாள், அடங்கவில்லை, சிரித்தேவிட்டாள். வீரபாகு படத்தைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஊரில் 'தண்ணிப் பென்சில்' என்று கேட்டு வாங்காதவர்கள் இல்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார்கள், துறைமுகத்துக் குமாஸ்தாக்கள், தோணி கட்டுகிற மேஸ்திரிகள் எல்லாரும் வந்தார்கள். கொழும்புப் பெட்டி காலியானதும் மூஸா நெய்னா மரைக்காயரே கடைக்கு வந்து, அடுத்த சரக்கை எங்கே எடுக்கலாம் என்று அவளிடம் யோசனை கேட்டார். வந்த சரக்கு எதுவானாலும் அவள் பார்த்துக் கீறல் போட்ட பிறகுதான் வெளியே போயிற்று.

ஆடி முடியப்போகிற சமயம், ஒருநாள் மத்தியானம் ராஜதுரை அண்ணாச்சி தானே ஒரு பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தார். கடைவாசலில் இறக்கி வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்தார். வீரபாகு எழுந்து முக்காலியைப் போட்டார்.

"உக்காரதுக்கு வரல வீரபாகு. தங்கச்சியக் கூப்பிடு." செல்லக்கனி வந்ததும், பார்வையைப் பெட்டிமேல் வைத்துக்கொண்டு சொன்னார். "புதுச் சரக்கும்மா. விக்கத வேலைய நான் பாத்துக்கிடுதேன். இதுல எது நல்லதுன்னு பாத்து நீதான் பொறுக்கித் தரணும். ஒதுக்குனத நானும் அடுப்புல போட்டுருதேன்."

"உங்க சரக்க நான் கழிச்சா கோவப்பட மாட்டியளா அண்ணாச்சி?"

"கோவம் வரத்தான் செய்யும். நீ கழிச்சுரு."

செல்லக்கனி பெட்டியின் மூடியை நெம்பினாள். மேலே இருந்த மஞ்சள் பென்சில் ஒன்றை எடுத்து, கண்ணுக்கு நேராக உயர்த்தி, நுனியை வெளிச்சத்தில் திருப்பினாள். ராஜதுரை பெட்டியோரம் குனிந்து நின்றார். அவள் நகத்தை ஓட்டி, தரையில் போட்டுச் சத்தம் கேட்டுவிட்டு, வலது பக்கம் தனியாக வைத்தாள்.

"இது இருக்கட்டும். அடுத்ததக் குடுங்க."